இதழியல் எம்.ஏ. இரண்டு வருடம்: சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு

வருடா வருடம் டிகிரி ரிசல்ட் வந்த கையோடு எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். எங்கள் கல்லூரியில் படித்த பிள்ளைகள், சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களுடைய தோழிகள். "அக்கா, ஜர்னலிசம் சேரலாமா? காசு கட்டிப் படிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசுகிறேன். பேசியதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்குத் தெரியாதவர்களுக்கும் உதவுமே என்றுதான் இது.

2017 ஜூலையிலிருந்து 2019 ஏப்ரல் வரை தமிழ்நாட்டில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இதழியலும் தகவல் தொடர்பியலும் படித்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை. இப்போது பத்திரிகை டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கும் பிரிவில், என்னோடு இருப்பவர்கள் வெவ்வேறு ஊர்களில் படித்தவர்கள். அவர்கள் சொல்லும் குறைகளும் என் குறைகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் ஒரு இடத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகப் படவில்லை.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டை. அப்பாவுக்கு விசைத்தறி வேலை. நான் படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல். வீட்டில் பி.எட். போகச் சொன்னார்கள், நான் பிடிவாதமாக இதில் சேர்ந்தேன். செமஸ்டர் கட்டணம், விடுதி, மெஸ், பஸ் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. அதில் பாதி அப்பா வாங்கிய கடன். ஆகவே அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு உண்டு.

கிடைத்தவை இரண்டு. ஒன்று பயிற்சி இதழ், இன்னொன்று பேச்சு வகுப்பு. அந்த இரண்டுக்காக இன்றைக்கும் போய்ச் சேருவேன். மற்றதில் பாதியை நானாகவே கற்றுக்கொண்டேன். மீதியைக் கற்றுக்கொள்ளாமலே வெளியே வந்தேன்.

பயிற்சி இதழைப் பாடத்திட்டத்தில் லேப் ஜர்னல் என்று போட்டிருப்பார்கள். மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, திருத்தி, பக்கம் போட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். எங்களுடையது டேப்ளாய்டு அளவில் எட்டுப் பக்கம், மாதம் ஒன்று. வகுப்பில் இருந்தது 22 பேர். அதைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் பத்திரிகையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சிவப்பு மைப் பேனா ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

என்னுடைய முதல் செய்தி, பல்கலைக்கழகத்திலிருந்து 17 கிலோமீட்டரில் இருந்த ஒரு கிராமத்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பற்றியது. கீழத்தெருவுக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை, தொட்டி ஆபரேட்டர் ஆள் பார்த்துத் திறந்துவிடுகிறார் என்று தெருப் பெண்கள் ஐந்து பேர் சொன்னார்கள். அதை அப்படியே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எழுத்தில் ஆசிரியர் கை வைக்கவே இல்லை. ஆபரேட்டர் பெயரை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"இவருக்கு இன்ஷியல் என்னம்மா?"

"கேக்கலை சார்."

"அந்த ஊர்ல இந்தப் பேர்ல எத்தனை பேர் இருக்காங்க?"

"தெரியலை சார்."

"தண்ணி விடுறதுல பாரபட்சம்னு எழுதியிருக்கே. நாளைக்கு இதே பேர் இருக்கிற இன்னொருத்தர் வாசல்ல போய் நாலு பேர் சண்டைக்கு நின்னா என்ன செய்வே? போய்க் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும்."

அந்த ஊருக்கு டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். விசாரித்தால் அந்தப் பெயரில் மூன்று பேர். ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், ஒருவன் ஒன்பதாம் வகுப்புப் பையன், மூன்றாமவர்தான் ஆபரேட்டர். தொட்டிக்கு அடியில் குத்த வைத்து, கம்பியை விட்டு வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டு என் நோட்டையும் பேனாவையும் வாங்கி, இன்ஷியலோடு தன் பெயரை அவரே எழுதினார். எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினார். அந்தப் பக்கத்தில் அவருடைய விரல் ஈரம் இன்னும் வட்டமாகத் தெரியும். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

"இதுக்காகவா தாயி பஸ் ஏறி வந்தே?" என்றார். அப்புறம் தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். கீழத்தெரு மேட்டில் இருக்கிறது. மோட்டார் இரண்டு முறை காயில் கருகிப்போய், ரீவைண்டிங் செய்த பிறகு பழைய இழுவை இல்லை. இரண்டாவது முறை ரீவைண்டிங் செய்த காசு அவர் கையிலிருந்து போனது, ஐந்து மாதமாகத் திரும்பி வரவில்லை. "பில்லு பையிலதான் வச்சிருக்கேன், பாக்குறியா தாயி?" நாலாக மடித்து, வியர்வையில் மக்கி, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு காகிதம். தேதி மட்டும் தெளிவாக இருந்தது.

முதல் தடவை போனபோது தெருவில் ஐந்து பேரைக் கேட்டவள், அவரைப் போய்க் கேட்கவே இல்லை. யார் மீது குற்றம் சொல்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருக்கிறேன். இன்ஷியல் கேட்கத் திரும்பப் போனதால்தான் செய்தியே தலைகீழாக மாறியது. அது முதல் பக்கத்தில் வந்தது. ஆசிரியர் ஒன்றும் பாராட்டவில்லை, அடுத்த செய்திக்குப் போய்விட்டார். இன்றைக்கும் டெஸ்க்கில் ஒரு செய்தி என் கைக்கு வந்தால் முதலில் பெயர்களைத்தான் பார்க்கிறேன். பகுதி நேர நிருபருக்குப் போன் போட்டு "அண்ணே, இன்ஷியல்?" என்று கேட்பேன். இரவு பத்தரை மணிக்குக் கேட்டால் அவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் கேட்பேன்.

அடுத்து பேச்சு வகுப்பு. இரண்டாம் செமஸ்டரில் விருப்பப் பாடமாக இருந்தது. பலர் மார்க் கிடைக்கும் என்று எடுத்தார்கள். நான் பயத்தைப் போக்கிக்கொள்ள எடுத்தேன். பள்ளியிலும் கல்லூரியிலும் மேடை ஏறியதே இல்லை. நடத்தியவர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. வாரம் ஒரு நாள் வருவார். அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம்.

முதல் நாள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசச் சொல்லிவிட்டு ஸ்டாப் வாட்சை மேசையில் வைத்தார். எல்லோரும் ஒரே மாதிரி தொடங்கினோம். "மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய…" என்று விளித்து, அவையோருக்கு வணக்கம் சொல்லி, வாய்ப்புக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி முடிக்கையில் பெரும்பாலானவர்களுக்கு ஐம்பது விநாடி போயிருந்தது. மூன்று நிமிடத்தில் கால் பங்குக்கும் மேல். அம்மா அதைக் கரும்பலகையில் பெயர் பெயராக எழுதினார். "விளிக்க வேண்டாம்னு சொல்லலை. ஒரே வரியில விளிங்க. கேக்க வந்தவங்க உங்களைக் கேக்க வந்திருக்காங்க" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் பேச்சை எங்கள் போனிலேயே பதிவு செய்து போட்டுக் காட்டினார். நான் மூன்று நிமிடத்தில் 19 முறை "வந்து" சொல்லியிருந்தேன். எனக்கு அடுத்து பேசிய பையனுக்கு "பார்த்தீங்கன்னா". இதற்கு அவர் சொன்ன வழி எளிது. "வந்து" வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அமைதியாக நிற்கும் அந்த ஒரு விநாடி பேசுகிறவருக்குத்தான் யுகமாகத் தெரியும். கேட்கிறவருக்கு அது முற்றுப்புள்ளி. ஆறு வாரத்தில் 19 என்பது 4 ஆனது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் சொல்லித் தந்தார். அதை வேறு எங்கும் நான் கேட்டதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்தார்களா, செய்யவில்லையா என்பது அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. பேசுகிறவர்கள் மூச்சு தீர்ந்து, வாக்கியம் முடியும்போது குரலைக் கீழே விட்டுவிடுகிறார்கள். "அரசு இந்தத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கவில்லை" என்று சொன்னால் பின்வரிசையில் இருப்பவருக்கு "நிதி ஒதுக்க…" வரைதான் கேட்கும். ஒதுக்கியதா இல்லையா என்று அவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். "வாக்கியம் முடியறதுக்கு முன்னாடி குரல் முடியக் கூடாது" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்வார். வானொலிச் செய்தியில் வாக்கியம் ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. நீண்ட வாக்கியத்தில் வினை வரும் வரை மூச்சும் தாங்காது, கேட்பவருடைய நினைவும் தாங்காது.

இதை எங்களுக்குப் பழக்க மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் இந்தப் பக்கம் நிற்க, மற்றவர்கள் நாற்பது அடி தள்ளி நின்று, கேட்ட வாக்கியத்தை எழுத வேண்டும். கத்தக் கூடாது. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் கூட்டமாக மக்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் பேசியதை அங்கேதான் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாத காலம். அந்தக் கூட்டத்தில் கடைசியில் நின்றவருக்கும் வினைச்சொல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் இல்லையா என்று கேட்டார். அவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் பத்து தடவையாவது படித்திருப்பேன். தொண்டையும் மூச்சும் உள்ள மனிதர்களாக அவர்களை நினைத்துப் பார்த்தது அன்றுதான்.

வரலாற்றுத் தாளையும் இந்த வகுப்போடு சேர்த்துப் படித்தவர்களுக்கு நல்ல லாபம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கியது, 1904-இல் பாரதி அதில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து தந்திச் செய்திகளையும் பேச்சுகளையும் தமிழாக்கியது, திரு.வி.க. 1917-இல் தேசபக்தனுக்கு ஆசிரியரானது, சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தி தொடங்கிச் சாதாரண மக்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி எழுத வைத்தது என்று வரிசையாக வரும். தேர்வுக்கு இதைத் தேதிகளாக மனப்பாடம் செய்யலாம். யாருக்காக எந்தத் தமிழ் என்ற ஒரே கேள்வி அறுபது வருடம் ஓடி வந்ததாகவும் படிக்கலாம். இரண்டாவது வழியில் படித்தது இன்றைக்கும் வேலைக்கு ஆகிறது. திரு.வி.க. மேடைக்கும் பத்திரிகைக்கும் நல்ல தமிழைக் கொண்டு வந்தார். ஆதித்தனார் அதைத் தெருவுக்குக் கொண்டு போனார். நான் தினமும் தலைப்பு வைக்கும்போது இந்த இருவருக்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

சட்டத் தாள் நன்றாக இருந்ததற்கு ஒரே காரணம், ஒவ்வொருவரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாவது போட்டே ஆக வேண்டும் என்று இன்டர்னல் மார்க் வைத்ததுதான். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, 2005 சட்டத்தின் 6(2) பிரிவு அதற்கு இடம் தரவில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். எனக்கு வரவில்லை. 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. அந்த உறையைப் பிரிக்கும்போது இருந்த படபடப்பை எந்த வகுப்பும் தர முடியாது. அதே தாளில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவையும் வரி வரியாக நடத்தினார்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரைப் போடாவிட்டால் போதாது, பள்ளி, தெரு, குடும்ப விவரம் எதுவும் அடையாளம் காட்டிவிடக் கூடாது. சின்ன ஊரில் "ஆறாம் வகுப்பு மாணவி, தந்தை தையல்காரர்" என்று எழுதினாலே ஊருக்கே தெரிந்துவிடும். வாரத்தில் ஒரு செய்தியிலாவது இப்படி ஒரு வரியை நான் வெட்டுகிறேன்.

இனி குறைகள். கோட்பாட்டுத் தாள்கள்தான் பெரிய ஏமாற்றம். நோட்ஸ் ஆங்கிலத்தில், வினாத்தாள் ஆங்கிலத்தில். தமிழில் பதில் எழுதலாம் என்றார்கள், ஆனால் படிக்கத் தமிழில் புத்தகம் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியம். தகவல் தொடர்பைப் புரிந்துகொள்ள அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் 1948-இல் சொன்னது "யார், என்ன சொன்னார், எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவு" என்ற ஐந்து கேள்விகள். கிராமத்துத் தண்டோராவை வைத்துப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். எங்களுக்கு அது மூன்று பக்க டிக்டேஷனாக வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி நன்றாக எழுதுகிறவள். முதல் செமஸ்டரில் கோட்பாட்டுத் தாளில் அரியர் விழுந்ததும், தனக்கு இந்தப் படிப்பு சரிப்படாது என்று ஊருக்கே போய்விட்டாள். அவள் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அவளுக்கு வராமல் போனது ஆங்கில டிக்டேஷன்தான், இதழியல் நன்றாகவே வந்தது.

கோட்பாடு எனக்குப் பிடிபட்டது கடைசி செமஸ்டர் ஆய்வேட்டில்தான். மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டார்கள். அதை ஊடகங்கள் எதற்கு இடம் கொடுத்தன என்பதோடு ஒப்பிட்டு 1972-இல் வெளியிட்டார்கள். 2019 மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்ததால் அதே முறையைக் கையில் எடுத்தேன். மார்ச் 10 தேர்தல் அறிவிப்பிலிருந்து ஏப்ரல் 16 பிரச்சாரம் ஓயும் வரை நாளிதழ்களின் முதல் பக்கத்தை ஸ்கேல் வைத்து சென்டிமீட்டர் கணக்கில் அளந்தேன். விடுதி அறை முழுக்கப் பழைய பேப்பர். அளந்து முடித்தபோது, நான் மனதில் வைத்திருந்த முடிவும் ஸ்கேல் காட்டிய முடிவும் ஒத்துப்போகவில்லை. முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் செமஸ்டரிலேயே ஆளுக்கு ஒரு ஸ்கேலும் ஒரு வாரப் பேப்பரும் கொடுத்திருந்தால் என் தோழி இருந்திருப்பாள்.

கருவிகள் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 22 பேருக்கு மூன்று வீடியோ கேமரா, அதில் ஓடியது ஒன்று. பக்கம் போட பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளைச் சொல்லித் தந்தார்கள், வேலைக்குப் போன இடத்தில் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. லேபில் எல்லாம் பாமினி எழுத்துரு, யூனிகோடோடு ஒத்துப்போகாத பழைய வகை. வீட்டிலிருந்து யூனிகோடில் அடித்துக் கொண்டு வந்ததை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையை விடுமுறையில் நானாகப் பழகினேன். இருபது நாள் போதும், சேருவதற்கு முன்பே பழகிவிடுங்கள். ரேடியோ அறை ஒன்று இருந்தது, நல்ல மைக்கோடு, ஒலி எதிரொலிக்காத சுவரோடு. அதன் சாவி யாரிடம் என்பது இரண்டு வருடமும் தீராத கேள்வி. நான் உள்ளே போனது மொத்தம் நான்கு முறை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-லேயே வளாக சமுதாய வானொலி தொடங்கி, அக்கம்பக்கத்து மக்களையும் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள் என்று வகுப்பில் படித்தோம். படித்துவிட்டு வெளியே வந்தால் எங்கள் ரேடியோ அறை பூட்டியிருக்கும். அது உண்மையாகவே வலித்தது.

இன்டர்ன்ஷிப்பை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு ஒரு நாளிதழில் கிடைத்தது, முதல் இரண்டு வாரம் நினைவஞ்சலி விளம்பரங்களுக்கு ஃப்ரூஃப் பார்க்கக் கொடுத்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இறந்தவர் பெயரில் பிழை வந்தால் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே பார்த்தேன். வேலை என்று எடுத்துக்கொண்டால், 2019-இல் எனக்கு முதல் சம்பளம் 12 ஆயிரம். வகுப்பில் படித்தவர்களில் பத்திரிகை, தொலைக்காட்சியில் இருப்பவர்கள் என்னோடு சேர்த்து ஏழு பேர். மற்றவர்கள் விளம்பரம், அரசு வேலை, ஆசிரியர் பணி என்று போய்விட்டார்கள். பத்திரிகையாளர் ஆக இந்தப் பட்டம் கட்டாயமும் கிடையாது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும், நான் பெரிதும் மதிக்கிற மூத்த உதவி ஆசிரியர் பத்தாம் வகுப்போடு வேலைக்கு வந்தவர்.

ஆகவே யார் சேரலாம்? ஊரில் எழுதிப் பார்க்க இடமில்லாத, தவறு செய்தால் உட்கார வைத்துச் சொல்லித்தர ஆளில்லாத என்னைப் போன்ற பிள்ளைகள் சேரலாம். பத்திரிகைக்குள் தவறினால் திருத்தச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இங்கே இரண்டு வருடம் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு நாளிதழில் கால் வைத்துவிட்டவர்கள், அந்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வர வேண்டியதில்லை.

சேருவதற்கு முன் ஒருநாள் நேரில் போங்கள். துறை அலுவலகத்தில் போன வருடத்துப் பயிற்சி இதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். உள்ளே இருப்பது வளாக விழாச் செய்தியா, ஊருக்குள் போய் எடுத்த செய்தியா என்று பாருங்கள். பெயர்களுக்கு இன்ஷியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டூடியோவுக்கு இரண்டாம் வருட மாணவர் ஒருவரையே கூட்டிப் போகச் சொல்லி, கடைசியாக எப்போது பதிவு செய்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பேச்சு வகுப்பு இருக்கிறதா, தமிழில் நடக்கிறதா, நடத்துவது யார் என்றும் விசாரியுங்கள். எங்கள் அம்மா இப்போது அங்கே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.